அடிபம்புக்கு வந்த மவுசு

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை கோட்டூர்புரம், வேளச்சேரி வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். குழாயில் மட்டும் சொட்டு இல்லை. கரண்ட் போனதும் மோட்டார் நின்றது. சம்புக்குள் சாக்கடை கலந்தது.

அடிபம்பு இருந்த தெருக்காரர்கள் பாக்கியசாலிகள்.

பெரும்பாலும் ‘இந்தியா மார்க் 2’ ரகம். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி, கோவைப் பக்கம் சோதித்துப் பார்க்கப்பட்டது. நீண்ட இரும்புக் கைப்பிடி, உள்ளே ஒரு சங்கிலி. பள்ளிக்கூடப் பிள்ளையும் தொங்கித் தொங்கி அடித்துவிடும். முதலில் வெறும் கிறீச், பிறகு குபுகுபுவென்று தண்ணீர். பிளாஸ்டிக் குடம் கழுத்துவரை நிரம்பும்போது சத்தம் மாறும். பழகியவர்கள் குனிந்தே பார்க்கமாட்டார்கள்.

குடிக்க மட்டும் கொதிக்க வைத்தாக வேண்டும், வெள்ளம் ஊறிய மண்ணாயிற்றே! பாத்திரம் கழுவ, கக்கூசுக்கு ஊற்ற, அதுவே தாராளம்.