குழந்தைகளைக் காக்கும் சட்டமும் பெற்றோரின் குரலும்

2015ஆம் ஆண்டின் சிறார் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு)ச் சட்டத்தை நம் திருச்சபைகளில் குழந்தைகள் இல்லம் நடத்துவோர் பெரும்பாலும் ஒரே நோக்குடன் வாசிக்கின்றனர். பதிவு பெறுவது எவ்வாறு, ஆய்வுக்கு வருவோரிடம் காட்டவேண்டிய பதிவேடுகள் எவை என்பதே அவர்கள் வினா. அவ்வினா தவறன்று. ஆனால் பிள்ளையைப் பிரிந்து நிற்கும் தாயின் பக்கத்தில் இருந்துகொண்டு வாசிப்பவருக்கு அதே சட்டம் வேறுவிதமாகத் தோன்றும். இவ்வாசிப்பை நாம் தேடிச் செல்லவில்லை. மேல்சித்தாமூருக்கு அருகில் வாழும் ஒரு குடும்பம் இதை நம்மேல் சுமத்திற்று.

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரில் மேல்சித்தாமூர்வரை செல்வோர் சிலரே. தமிழ்ச் சமணரின் ஜினகாஞ்சி மடம் அங்குள்ளது; அடைக்கலம் அளித்தலை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக எண்ணும் மரபு அவர்களுடையது. அப்பகுதிக் கூலிக் குடும்பம் ஒன்று கரும்பு வெட்டுக்காக வேறொரு மாவட்டம் சென்றிருந்தது. தாயும் தகப்பனும் விடியுமுன் கரும்புக் கொல்லைக்குப் போய்விட, ஒன்பது வயது மகளும் ஆறு வயது மகனும் அருகிலிருந்த பேருந்து நிலையத்தில் தனியே திரிந்தனர். எவரோ 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தார். பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்தப்பட்டு, ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். இதுவரை நடந்ததில் குறைகாண ஒன்றுமில்லை. அன்று எவரும் தெரிவிக்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ என்று எண்ணவும் அஞ்சுகிறோம். ஆனால் மூன்று வாரம் கழித்து அத்தாய் நம்மிடம் வந்து கேட்ட முதற்கேள்வி இது: “எம் புள்ளைங்கள எந்த செயில்ல வச்சிருக்காங்க ஐயா?”

சட்டம் சொல்வது யாது? தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரத்துடன் அமர்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தை அதன்முன் கொண்டுவரப்படவேண்டும். சமூக விசாரணை அறிக்கை 15 நாள்களிலும் இறுதி ஆணை 4 மாதங்களிலும் முடியவேண்டும். குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது, இல்லத்தில் சேர்த்தல் கடைசி வழி என 3ஆம் பிரிவு வகுக்கிறது. இவையெல்லாம் நல்லவையே. எனினும் ஆணை பிறப்பிப்பதைக் கூறும் 37ஆம் பிரிவைக் கூர்ந்து நோக்குக. விசாரணை அறிக்கையும், பக்குவமடைந்த குழந்தையாயின் அதன் விருப்பமும் அங்கே குறிக்கப்படுகின்றன. பெற்றோரின் சொல் குறிக்கப்படவில்லை. நியாயமாகக் கேட்கப்படும் உரிமை 3ஆம் பிரிவின் இறுதிக் கோட்பாடாக உள்ளதே என்பர். உள்ளதுதான், ஆனால் பொதுக் கோட்பாடு பேருந்துக் கட்டணம் தருவதில்லை.

ஆகவே ஏழைக் குடும்பத்திற்கு எல்லாம் அந்த அறிக்கையைப் பொறுத்தே அமைகின்றன. நாம் அறிந்த இக்குடும்பத்தின் அறிக்கையில் இருந்தது இரண்டே செய்தி: வீடு பூட்டிக் கிடந்தது, பெற்றோர் கவனிப்பதில்லை. வெட்டுக்காலத்தில் அவ்வீடு பூட்டித்தான் கிடக்கும். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் தீராமல் அவர்கள் ஊர் திரும்ப இயலாது. மகன் செங்கல் சூளையில் பிறந்தவன்; பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது தாய் குடும்ப அட்டையை நீட்டினாள். அதில் அவன் பெயர் இல்லை. ஒவ்வொரு விசாரணை நாளும் இருவரின் கூலியைத் தின்றது. குழுவினர் கடுமையானவர்கள் அல்லர். அம்மையார் ஒருவர் அத்தாய்க்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததையும் கண்டோம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண் என்பதாலேயே அவளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. இதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் மூன்றாம் முறை சென்றபோதே அறிந்தோம்.

மாமல்லபுரத்து அநாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானமை பற்றிய செய்தியிலிருந்து 2007இல் எழுந்த வழக்கில், உச்சநீதிமன்றம் 2017 மே 5ஆம் நாள் தீர்ப்பளித்தது. நீதியரசர் மதன் லோகுர், தீபக் குப்தா ஆகியோர் எல்லா இல்லங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவுபெற வேண்டுமென்றனர்; பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்னும் சொற்றொடருக்கு விரிந்த பொருள் தந்தனர். உதவி பலரைச் சேரவேண்டும் என்பதே அவர்கள் கருத்து. ஆனால் வலை விரியும்போது, வறுமையன்றி வேறு குற்றமற்ற குடும்பமும் அதனுள் அகப்படும்.

எதிர்த்திசையிலும் தவறு நேரிட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2020 செப்டம்பரில், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களின் இல்லங்களிலிருந்த ஏறத்தாழ 1.84 லட்சம் குழந்தைகளை 100 நாள்களுக்குள் குடும்பங்களுக்குத் திருப்பும்படி கேட்டது. கொரோனாவால் கூலியற்றிருந்த வீடுகளுக்கு! அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் தலையிட்டு, திரும்பிய குழந்தையின் கல்விக்கு மாதம் ரூ. 2,000 வழங்கப் பணித்தது. எடுத்தாலும் கொடுத்தாலும் குடும்பத்தைக் கேளாமலே செய்வது நம் வழக்கமாயிற்று.

யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் செய்துள்ளோம். நாணற்பெட்டியையும் இளவரசியின் இரக்கத்தையும் விரித்துரைக்கும் நாம், பெற்ற தாய்க்கே கூலி கொடுத்து அவள் பிள்ளையை வளர்க்கச் செய்த ஏற்பாட்டை விரைந்து கடந்துவிடுகிறோம். இன்றைய ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் நிதி ஆதரவு என்பது அதுவே: குழந்தைக்கு மாதம் ரூ. 4,000. சிற்றூரில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ. 72,000ஐ மிகலாகாது. குழுவே இவ்வாதரவுக்கு ஆணையிடலாம். பிரிக்கும் ஆணைக்கு முன் இதை முயன்றுபார்க்க வேண்டாமா?

இங்குத் திருச்சபையையும் தப்பவிட இயலாது. தாது வருடப் பஞ்சத்தில் மிஷனெரிமார் இல்லங்களைத் திறந்தபோது பல பிள்ளைகளின் பெற்றோர் மாண்டிருந்தனர். இன்று நம் இல்லங்களிலுள்ள பலரின் பெற்றோர் உயிருடன் உள்ளனர், கூலிதான் போதவில்லை. ஆயினும் நன்கொடையாளருக்கு எழுதும் மடல்களில் ‘அநாதைகள்’ என்றே இன்னும் எழுதுகிறோம். ஒரு பிள்ளைக்கு இல்லத்தில் ஆகும் செலவைப் பெற்றோர் கையில் கொடுக்க எந்த நன்கொடையாளரிடம் கேட்டோம்? கனடா நாட்டில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தமைக்காக ஆங்கிலிக்கன் சபை 1993இலும் ஐக்கிய சபை 1998இலும் மன்னிப்புக் கேட்டன. நம் நிலை அதுவென்று சொல்லவில்லை. அங்கே வன்செயல் இருந்தது. எனினும் அப்பள்ளிகளை நடத்தியோரும் தங்களை இரக்கமுள்ளவர்களென்றே நம்பியிருந்தனர்.

அக்குடும்பத்தின் மகன் ஏழாம் மாதத்தில் வீடு திரும்பினான். மகள் வர இசையவில்லை. இல்லத்தில் மூன்று வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் உண்டு, கரும்பு வெட்டுக்குப் போனால் இரண்டும் இல்லை என்று குழுவின்முன் அவள் சொன்னபோது, தாய் மறுத்தொன்றும் பேசவில்லை. நம்மாலும் மறுக்க முடியவில்லை. நிதி ஆதரவுக்கான மனு எழுதப்பட்டுள்ளது. வருமானச் சான்றிதழுக்காக வரும் திங்கட்கிழமை தாசில்தார் அலுவலகம் செல்லவேண்டும். மூன்றாமாண்டு மாணவர் இருவரை உடன் வரச் சொல்லியிருக்கிறோம்.