குற்றக் கதையில் செல்வரும் வினைவலரும்

நாடகத் தமிழுக்கு உழைத்த தவத்திரு சங்கரதாசு சுவாமிகள் 1922-ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்தார். சிறந்த தமிழ்த் திரைப்படத்திற்குப் புதுச்சேரி அரசு வழங்கும் விருது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. திரைப்படம் நாடகத்தின் வழித்தோன்றல் என்னும் கருத்து இப்பெயரீட்டினால் விளங்கும். ஆகவே, திரைக்கதை ஒன்றை இலக்கிய முறையில் ஆராய்தல் தமிழ்த்துறையினர்க்குப் புறம்பான பணி ஆகாது.

2012-இல் பாலாஜி சக்திவேல் இயக்கத்தில் வெளிவந்து, சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருது பெற்ற ‘வழக்கு எண் 18/9’ என்னும் படத்தை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். பள்ளி நடத்தும் செல்வப் பெண்மணியின் மகன் தினேஷ், தன்னோடு பழகிய ஆர்த்தி என்னும் மாணவியை அவளறியாமல் கைப்பேசியில் படம் பிடிக்கிறான். உண்மை வெளிப்பட்டபின் அவள்மேல் திராவகம் வீசத் துணிகிறான். அதுவோ, கதவைத் திறந்த பணிப்பெண் ஜோதியின் முகத்தைச் சிதைக்கிறது. பழி, நடைபாதை உணவுக் கடையில் வேலை செய்யும் வேலுவின்மேல் ஏற்றப்படுகிறது.

தொல்காப்பியர் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு உரியராகக் கொள்ளவில்லை. அவர்தம் காமத்தைக் கைக்கிளை, பெருந்திணைகளின்பாற் படுத்தனர் என்பது உரையாசிரியர் வழியாக நாம் அறிவது. ஓய்வும் உரிமையும் உடையார்க்கே அகவாழ்வு நிரம்பும் என்னும் எண்ணம் அதன் அடிப்படையாகலாம். இப்படமோ அவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. கல்வியும் செல்வமும் வாய்ந்த தினேஷின் ஒழுக்கம் பொருந்தாக் காமமாய் இழிகின்றது. வேலுவின் அன்பு ஒருதலையாகத் தொடங்கினும், இறுதியில் ஒத்த அன்பாய் நிறைவெய்துகின்றது. அவனோடு கடையில் உழைக்கும் சின்னசாமி, தெருக்கூத்தில் ஆடிப் பழகியவன். கூத்துக் கலைஞன் பிழைப்புக்காக எச்சில் தட்டெடுக்க நேர்ந்த நிலையையும் இயக்குநர் மறவாது காட்டுகிறார். எளியோரைப் பின்னணியில் நிறுத்தாமல் தனித்தனி வரலாறுடைய மாந்தராகப் படைத்தமை இப்படத்தின் முதற் சிறப்பு எனலாம்.

சிலப்பதிகாரத்தோடு ஒப்பிடின் மற்றொன்று புலனாகும். பாண்டியன் ஆராயாது தண்டித்தான். பிழை உணர்ந்த அளவில் உயிர் நீத்தான். இங்கே காவல் ஆய்வாளரோ நன்கு ஆராய்கிறார். உண்மையை முற்றும் அறிகிறார். அறிந்தபின் அதனை விலைபேசுகிறார். ஜோதியின் மருத்துவத்திற்குப் பொருள் கிடைக்கும் என்று நம்பவைத்து, செய்யாத குற்றத்தை வேலுவே ஒப்புக்கொள்ளச் செய்கிறார். ஏழையின் அன்பே அவனைச் சிறைப்படுத்தும் கருவியாகிறது. அறியாமையால் நேர்ந்த கொடுங்கோன்மையினும் அறிந்து செய்யும் இக்கொடுமை பெரிது.

எனினும், இப்படத்தில் ஒரு குறை உண்டு. கதை பெரும்பாலும் இருவர் வாக்குமூலமாக நடக்கிறது. முற்பகுதியை வேலுவும் பிற்பகுதியை ஆர்த்தியும் உரைக்கின்றனர். முகம் வெந்த ஜோதிக்கு அத்தகைய பகுதி இல்லை. கண்ணகிக்கு இளங்கோவடிகள் வழக்குரை காதை வகுத்தார். அவள் முதலில் வழக்குரைத்தாள், பின்னரே மதுரையை எரித்தாள். ‘வழக்கு’ என்று பெயர் பூண்ட இப்படத்திலோ, வழக்குக்கு உரியவள் தன் வரலாற்றைத் தானே சொல்லவில்லை. ஆய்வாளர்மேல் திராவகம் வீசும் செயலே அவளுடைய வழக்குரையாகிறது. ஏழைப்பெண்ணின் சொல்லுக்கு அவையில்லை என்பதையே அம்மௌனம் உணர்த்துகிறது எனச் சிலர் கூறுவர். அஃது அவளைச் சூழ்ந்த உலகுக்குப் பொருந்தும். ஆனால், வேலுவின் சொல்லுக்கும் அவ்வுலகில் மதிப்பில்லை; அவனுக்குச் சொல்லளித்த கலைஞர் அவளுக்கும் அளித்திருத்தல் கூடும்.

செல்வ இளைஞனின் குற்றத்தைக் கூறும் கதை, அவனைப் பழிப்பதனால் மட்டும் நிறைவுறாது. அக்குற்றத்தின் சுமையைத் தாங்கியவர் தம் வாயால் பேசக் கேட்கும்போதே அது முழுமை பெறும். வேலுவைப் பொறுத்தவரை அம்முழுமையை எய்திய இப்படம், ஜோதியைப் பொறுத்தவரை அதன் வாயிலிலேயே நின்றுவிட்டது என்பது நம் துணிபு.