சிரிக்க வைத்த பாட்டுகள்: மூன்று பாணிகள்

நாடக மேடையில் பபூன் பாடிய பாட்டுதான் தமிழ்ப் படத்தின் நகைச்சுவைப் பாட்டுக்குத் தாய். பேசும்படம் வந்ததும் மேடைச் சிரிப்பு திரைக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அதில் மூன்று பாணிகள் தெளிந்து நின்றன.

முதலாவது, கலைவாணர் பாணி. நாகர்கோவிலில் வில்லுப்பாட்டிலிருந்து கலைக்கு வந்த என்.எஸ்.கிருஷ்ணனுக்குக் கதையும் பாட்டும் கேள்வியும் பதிலும் ஒன்றாகவே வந்தன. அவர் கையில் பாட்டு ஊருக்குப் புத்தி சொன்னது. இதன் சிகரம் ‘நல்லதம்பி’ (1949) படத்தின் ‘கிந்தனார்’ காலட்சேபம். எழுதியவர் உடுமலை நாராயணகவி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கதையில் நந்தனுக்குத் தில்லை மேல் இருந்த ஏக்கம், இங்கே கிந்தனுக்குப் படிப்பின் மேல் வருகிறது. கதாகாலட்சேபத்தின் ராகமும் வசன நடையும் பின்பாட்டும் குலையாமல் நிற்பதால்தான் கேலி இனிக்கிறது. ஒடுக்கப்பட்ட சிறுவனின் கல்வித் தாகமும் நெஞ்சில் தைக்கிறது. ‘முதல் தேதி’ (1955) படத்தில் மாதச் சம்பளக்காரரின் பாடும் இப்படியே பாட்டானது.

இரண்டாவது, பாடலாசிரியர் தஞ்சை ராமையாதாஸின் ஓசைப் பாணி. ‘மாயாபஜார்’ (1957) தெலுங்கிலும் தமிழிலும் உருவான படம். ஒரே மெட்டில் இரண்டு மொழிக்கும் பாட்டு அமைய வேண்டும். தமிழில் அவர் எழுதிய கடோத்கஜனின் விருந்துப் பாட்டில் பலகாரப் பெயர்களே தாளமாயின. திருச்சி லோகநாதன் குரலில் அரக்கச் சிரிப்புகூட சுருதி பிசகாமல் வருகிறது. கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் உடல்மொழி மீதியைப் பார்த்துக்கொண்டது.

மூன்றாவது, சந்திரபாபு பாணி. தூத்துக்குடியில் பிறந்த ஜே.பி.சந்திரபாபு குரலை மேலும் கீழும் துள்ளவிடும் மேல்நாட்டு யோடலிங்கைத் தமிழ்த் தொண்டைக்குப் பழக்கினார். தன் பாட்டைத் தானே பாடினார். ஆடும் காலும் பாடும் குரலும் ஒரே ஆளுடையவை என்பதால் காட்சியில் ஒட்டு தெரியாது. ‘அன்னை’ (1962) படத்தில் கண்ணதாசன் வரிகளை அவர் பாடும்போது சிரிப்புக்குள் வேதாந்தம் ஒலிக்கிறது.

பாணி எதுவானாலும் அளவுகோல் மூன்றுதான். காட்சியை நீக்கினாலும் மெட்டு நிற்க வேண்டும். வாத்தியத்துக்கு மேலே சொல் தெளிவாகக் காதில் விழ வேண்டும். எளியவனின் உடலையோ பேச்சையோ சாதியையோ சிரிப்பு சுடக்கூடாது. கடைசி அளவுகோலைக் கைவிட்ட பாட்டுகள் கொட்டகையில் கைதட்டல் வாங்கியிருக்கலாம், தரத்தில் தாழ்ந்தவையே. மூன்றையும் நிறைவேற்றுகிறது ‘கிந்தனார்’. நகைச்சுவைப் பாட்டு எழுத வருகிறவர் முதலில் பாடம் கேட்க வேண்டியது அதனிடம்தான்.