அங்கதமும் ஆடவர் காலும்: ரோம இலக்கியத்தில் ஒரு குறியின் வரலாறு

ரோமச் சிந்தனையாளரான செனெக்கா தம் வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில், ஏறத்தாழக் கி.பி. 62 முதல் 65 வரையான காலப்பகுதியில், லுசீலியஸ் என்பாருக்கு எழுதிய கடிதங்களுள் 114ஆவது கடிதம் இலக்கிய விமரிசனத்துக்கு உரியது. ஒரு காலத்தின் உரைநடை ஏன் சீர்கெடுகிறது என்பதே அதன் வினா. மனிதர் வாழும் வகையே அவர் பேசும் வகையும் என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டு, பேரரசன் ஒகஸ்தஸின் நண்பரும் புலவர்களின் புரவலருமான மைசினாஸின் நடையை அவர் கடுமையாகச் சாடுகிறார். அச்சாடலின் நடுவே எதிர்பாராத ஓர் ஒப்புமை வருகிறது. நடையைப் பேணுவோருள் சிலர் அளவு மீறிப் பேணுகின்றனர். வேறு சிலர் அளவு மீறிப் புறக்கணிக்கின்றனர். முன்னவர் கால் மயிரையும் பிடுங்கிக்கொள்பவரைப் போன்றோர். பின்னவர் அக்குள் மயிரைக்கூடக் களையாதவரைப் போன்றோர். பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கிய நடை. சான்றாக வந்து நிற்பதோ ஆடவர் கால்.

இவ்வொப்புமையை ஊன்றி நோக்குமிடத்து அதனுள் ஒரு விதி மறைந்திருத்தல் புலனாகும். நாகரிகமுள்ள ரோம ஆடவன் அக்குளைத் துப்புரவு செய்தல் வேண்டும், காலைத் தொடுதலாகாது. செனெக்காவுக்கு ஏறத்தாழ இரண்டு தலைமுறைக்கு முன் காதற்கலை பற்றிய தம் நூலில் ஓவிட் கூறியதும் ஏறக்குறைய இதுவே. காலை நுரைக்கல்லால் தேய்ப்பதை சிபெலே தெய்வத்தின் அலிப் பூசாரிகளுக்கு விட்டுவிடுமாறு இளைஞருக்கு அறிவுறுத்தும் அவர், அடுத்த சில அடிகளிலேயே நகத்தை வெட்டவும் மூக்கு மயிரைக் களையவும் அக்குள் நாற்றத்தைத் தவிர்க்கவும் சொல்கிறார். எனவே, ரோமரின் வாதம் இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையிலானதன்று. எல்லாரும் ஏதோ ஓரிடத்தில் மயிரைக் களைந்தனர். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதே வழக்கு. அக்குளுக்கும் காலுக்கும் இடையே கோடு கிழித்தது உடலன்று, சமூகமே. (பேச்சு வழக்கில் வசையாகிவிட்டமையால் 'மயிர்' என்ற சொல்லை எழுதக் கூசுவோர் உளர். பழந்தமிழ் இலக்கியம் அவ்வாறு கூசியதில்லை.)

களையும் முறைகளைப் பற்றிய சான்றுகள் ஏராளம். சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்குதல், எரிமலை நுரைக்கல்லால் உரசுதல், சூடான கீலையோ பிசினையோ அப்பி உரித்தெடுத்தல், மயிரை உதிர்க்கும் களிம்பு பூசுதல் ஆகியன அவை. கி.பி. 77ஆம் ஆண்டளவில் தம் இயற்கை வரலாற்றை நிறைவு செய்த பிளினி, மதுவைப் பற்றிப் பேசும் 14ஆம் நூலில் பிசினின் பயன்களைக் கூறவந்து, ஆடவர் உடலிலிருந்து மயிரைப் பிடுங்குவதே அதற்கு இப்போது கிடைத்திருக்கும் முதன்மைப் பெருமை என்பதைச் சொல்ல வெட்கப்படுவதாக எழுதுகிறார். வெட்கப்பட்டாலும் எழுதாமல் விடவில்லை. இங்கிலாந்தின் உறொக்ஸெற்றர் என்னும் ரோம நகரின் அகழ்வில் கிடைத்த சாமணங்கள் மட்டும் 50க்கு மேற்பட்டவை. பேரரசின் வடமேற்கு எல்லை வரை இப்பழக்கம் சென்றிருந்ததென்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பழக்கம் இவ்வளவு பரவலாயிருக்க, இலக்கியம் அதனை ஏன் ஓயாது இகழ்ந்தது? ரோமரின் ஒழுக்கச் சீரழிவை அங்கதப் புலவர்கள் உள்ளவாறு படம்பிடித்தனர், அப்படத்தின் ஒரு மூலையில் இந்த வழுவழுப்பான கால்களும் இடம்பெற்றன என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. இவ்விடை அங்கதத்தை ஆவணமாகக் கொள்வது. வசைமொழியை ஆவணமாகக் கொள்வோன் முதலில் வசைபாடியவன் யார் என்று கேட்டிருத்தல் வேண்டும்.

ஒகஸ்தஸ் கொதிசூடான கொட்டை ஓடுகளால் தம் கால்களைச் சுட்டுக்கொண்டார், முளைக்கும் மயிர் மென்மையாக இருத்தற்பொருட்டு அவ்வாறு செய்தார் என்ற செய்தி சுவெற்றோனியஸின் வரலாற்றில் உள்ளது. அச்செய்தியைச் சொன்னவர் லூசியஸ் அன்ரோனியஸ், கி.மு. 41இல் அவருக்கெதிராகப் படை திரட்டியவர். சீசர் உடல் மயிரைப் பிடுங்குவித்தார் என்ற செய்தியும் அதே ஆசிரியரிடத்தே சிலர் குறைகூறியதாகவே வருகிறது. ஆனால் இவ்விரண்டினும் சிந்தனைக்குரியது மூன்றாவது செய்தி. கி.பி. 69இல் மூன்று மாதங்களே ஆண்ட ஒதோ உடல் முழுவதும் மயிர் களைந்தவர், பொய்முடி தரித்தவர் என்று சுவெற்றோனியஸ் எழுதுகிறார். அதே ஒதோ, உள்நாட்டுப் போரில் மேலும் உயிர்கள் அழியாதிருக்கத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர். சுவெற்றோனியஸின் தந்தை ஒதோவின் படையில் அதிகாரியாக இருந்தவர். எனவே இந்நிகழ்ச்சி ஆசிரியருக்கு வீட்டில் கேட்ட செய்தி. இத்துணைத் துணிவுக்கு அவருடைய உடலோ கோலமோ சற்றும் பொருந்தவில்லை என்று அவர் வியக்கிறார். மயிர் களைந்த உடலில் துணிவிராது என்ற கோட்பாடு பொய்த்துப்போன இடம் இது. வரலாற்றாசிரியர் கோட்பாட்டைக் கைவிடவில்லை, ஒதோவைத்தான் விதிவிலக்காக்கினார்.

இலக்கிய விமரிசனத்தினுள்ளும் இக்கோட்பாடு ஆழ வேரூன்றியது. பேச்சுக்கலை ஆசிரியரான குவின்றிலியன், பயிற்சியால் உரம்பெற்ற உடல் இயல்பாகவே அழகுடையது என்றும், அதனையே மயிர் பிடுங்கி வண்ணம் பூசினால் அருவருப்பாகும் என்றும் கூறி, சொல்லலங்காரத்தில் மட்டும் கருத்தூன்றுவோரை எச்சரிக்கிறார். அலங்காரம் பெண்மை, உரம் ஆண்மை, முன்னது தாழ்ந்தது, பின்னது உயர்ந்தது என்ற வரிசை ஒரு நடைக் கொள்கையாகிவிடுகிறது. தமிழ் விமரிசனத்திலும் 'ஆண்மை மிக்க நடை' என்ற பாராட்டு இன்றும் வழங்குகிறது. அத்தொடரை எழுதுவோர் செனெக்காவைப் படித்திருக்க வேண்டுமென்பதில்லை. உடலைப் பற்றிய ஒரு தப்பெண்ணம் அழகியல் அளவுகோலாக வேடம் பூண்டு வருவதற்கு இலத்தீன் அறிவு தேவையில்லை.

அங்கதப் புலவருள் இக்குறியை மிகத் திறமையாகக் கையாண்டவர் மார்சியால். அவர் ரோமரல்லர், இன்றைய ஸ்பெயினிலுள்ள பில்பிலிஸ் என்ற ஊரிற் பிறந்து தலைநகருக்குப் பிழைப்புத் தேடி வந்தவர். 10ஆம் நூலிலுள்ள ஒரு கவிதையில் கொரிந்து நகரத்துக் கிரேக்கன் ஒருவனோடு தம்மை ஒப்பிடுகிறார். அவன் நாள்தோறும் களிம்பு பூசி மினுமினுப்பவன். இவரோ காலும் கன்னமும் மயிரடர்ந்த ஐபீரியர். அவ்வாறிருக்க அவன் தம்மைச் 'சகோதரன்' என்று அழைப்பானேன் என்பது கவிதையின் கேள்வி. நகைச்சுவையின் அடியில் ஓடுவது மாகாணத்தானின் மனத்தாங்கல். ரோமச் செல்வர் வீடுகளில் கிரேக்கரோடு போட்டியிட்டுப் புரவலரை நாடவேண்டியிருந்த ஒரு புறநிலப் புலவர், தம்மிடம் இருந்த ஒரே முதலீட்டை, அதாவது நாட்டுப்புறத்தானின் முரட்டுத்தன்மையை, பழைய ரோமரின் ஆண்மையாக மாற்றி விற்கிறார். இங்கு கால் மயிர் ஒழுக்கத்தின் அடையாளமன்று. வேலை கோரும் விண்ணப்பத்தின் ஒரு பகுதி எனலாம்.

இதே மார்சியால், குறியின் நம்பகத்தன்மையைத் தாமே உடைப்பதும் உண்டு. இரண்டாம் நூலிற் பன்னிக்கஸ் என்பவனை நோக்கிய கவிதையில், மிகையாகச் சிங்காரிக்கவும் வேண்டா, அழுக்காய்த் திரியவும் வேண்டா என்று தொடங்கி, அவனுடைய காலும் மார்பும் மயிரடர்ந்தவை, ஆனால் மயிர் பிடுங்கப்பட்டிருப்பது அவன் மனம் என்று முடிக்கிறார். ஜுவெனாலின் இரண்டாவது அங்கதம் இக்கருத்தை விரித்துரைக்கிறது. பழம்பெரும் ரோமரைப்போல் கோலங்கொண்டு, கரடுமுரடான உறுப்புகளால் கடுந்துறவு காட்டி, பிறர் ஒழுக்கத்தைத் தண்டிக்கப் புறப்படும் தத்துவவாதிகளே அங்குத் தாக்கப்படுவோர். அவர்களின் மறைவான உடலை அறிந்த மருத்துவர் சிரிக்கிறார் என்கிறார் புலவர். வெளித்தோற்றம் பொய் சொல்லும் என்ற உண்மையை இவ்விருவரும் கண்டனர். எனினும் அவர்களின் துணிவுக்கு ஓர் எல்லை உண்டு. மயிரடர்ந்த கால் ஆண்மைக்குச் சான்றன்று என்று கூறியவர்கள், மயிரற்ற கால் இழிவுக்குச் சான்றன்று என்று கூறவில்லை. 'பிடுங்கப்பட்ட மனம்' என்ற வசை, பிடுங்குதல் இழிவு என்ற முடிவின்மேல் நின்றுதான் வேலை செய்கிறது. குறி காலிலிருந்து மனத்துக்கு இடம் மாறியதேயன்றி, அதன் பொருள் மாறவில்லை.

போலித் துறவிகளைச் சாடும் பொருளில் ஜுவெனாலோடு ஒப்புநோக்கத்தக்கது திருக்குறளின் கூடாவொழுக்கம் என்ற அதிகாரம். அதன் இறுதிக்குறள் இங்கு மனங்கொளத்தக்கது. உலகம் பழிப்பதை ஒழித்தவனுக்குத் தலைமயிரைக் களைவதாலும் பயனில்லை, சடையாய் வளர்ப்பதாலும் பயனில்லை என்பது அதன் கருத்து. வள்ளுவர் ஒரு குறியை மறுத்து மற்றொன்றை விட்டுவைக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே வெறுமையாக்குகிறார். பேசப்படுவது துறவியின் தலையேயன்றி ஆடவன் காலன்று என்பது உண்மை. ஆயினும் உடற்குறிகளைக் கொண்டு மனிதரை அளக்கும் முறையை அடியோடு மறுப்பது அவ்வொரு குறளே; அங்கதப் புலவரின் சினம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. மேலும், கால் மயிர் ஆணுக்குரியது, மயிரின்மை பெண்ணுக்குரியது என்ற பகுப்பே எல்லா மக்களுக்கும் பொதுவானதன்று. பொருநராற்றுப்படையில் பாடினியை முடிமுதல் அடிவரை வருணிக்கும் பகுதி, மயிர் ஒழுங்குபடப் படிந்த அவளது கணைக்காலை அழகுகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. அவ்வடியை இன்றைய வகுப்பறையில் விரைந்து கடந்துவிடும் ஆசிரியர், சங்கப் புலவரின் கண்ணைவிட விளம்பரக்காரரின் கண்ணையே மிகுதியும் நம்புகிறார் போலும்.

மீண்டும் ரோமுக்கு வருதல் தகும். அங்கதப் புலவர் எவருமே கேளாத ஒரு கேள்வியை ஜுவெனாலின் ஒன்பதாவது அங்கதம் தன்னையறியாமலே கேட்டுவிடுகிறது: இதற்கெல்லாம் ஆகும் செலவு என்ன? செல்வன் ஒருவனின் இச்சைக்கு உடலால் ஊழியஞ்செய்து வாழ்ந்த நேவோலஸ் என்பவன் அக்கவிதையின் நாயகன். முன்னர் புருத்திய நாட்டுச் சூடான கீற்கட்டினால் மெருகேறியிருந்தவன், இப்பொழுது வாடிய முகத்தோடும் பராமரிப்பின்றி மயிர் முளைத்துப் பற்றையான கால்களோடும் தெருவில் எதிர்ப்படுகிறான். காரணம் ஒழுக்கத்திற் திருந்தியமையன்று. கஞ்சனான புரவலன் கொடுக்காமை. ஓவிட்டும் செனெக்காவும் ஆண்மையைக் கண்ட அதே மயிரடர்ந்த கால் இங்கு வேலையிழந்தவனின் வறுமையைக் காட்டுகிறது. கவிதை அவனை நகைப்புக்கிடமாக்குகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவன் கணக்குப் பார்த்து முறையிடும் அடிகளிலே, வருணனை மட்டுமே செய்த ஏனைய கவிதைகளில் இல்லாத ஒரு மெய்ம்மை புகுந்துவிடுகிறது. ஜுவெனாலின் கலை அவருடைய கருத்தை மீறி நிற்கும் இடங்களுள் இது தலையாயது.

செலவைப் போலவே உழைப்பும் இக்கவிதைகளில் மறைந்துள்ளது. மார்சியாலிடத்தே எத்தனையோ வழுவழுப்பான கால்கள் வருகின்றன. அவற்றின் முன் குந்தியிருந்து சாமணம் பிடித்தவன் வருவதில்லை. அவன் குரல் கேட்பது செனெக்காவின் 56ஆவது கடிதத்தில். பொதுக் குளிப்பிடம் ஒன்றுக்கு மேல்மாடியிற் குடியிருந்து படிக்க முயன்ற செனெக்கா, தம்மைச் சூழ்ந்த இரைச்சல்களை நிரற்படுத்துகிறார். அவற்றுள் ஒன்று, தன்னை எல்லாரும் கவனிக்கும்படி கீச்சுக்குரலிற் கூவித்திரியும் மயிர் பிடுங்குவோனுடையது. அக்குளைப் பிடுங்கித் தனக்குப் பதிலாக இன்னொருவனைக் கத்த வைக்கும்போது மட்டுமே அவன் வாய் ஓய்கிறது என்கிறார். சிறந்த நகைச்சுவை இது. ஆனால் கூலி தேடிக் கூவுபவனின் குரல் தத்துவ ஞானியின் காதில் இடையூறாக மட்டுமே விழுந்தது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அளவறிந்த ஆடவன் அக்குளைத் துப்புரவு செய்வான் என்று 114ஆவது கடிதம் கொள்ளும் விதி, 56ஆவது கடிதத்தில் தொந்தரவாகத் தெரியும் இம்மனிதனின் கைத்தொழிலின்றி நிறைவேறாது.

இத்தனை முரண்களையும் தாங்கிய இலக்கியம் ஒற்றைக்குரலில் ஒழுக்கம் போதிப்பதாகப் பிற்காலத்துக்குத் தோன்றியமைக்குப் பதிப்பாசிரியர்களும் பொறுப்பாளிகளாவர். மார்சியாலின் லோப் வரிசைப் பதிப்பு 1919இல் வெளிவரத் தொடங்கியபோது, ஆபாசமெனக் கருதப்பட்ட கவிதைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை விடுத்து இத்தாலிய மொழிபெயர்ப்பே அச்சிடப்பட்டது. இத்தாலியர் படித்தாற் பாதகமில்லை என்று கருதினர் போலும். கேம்பிறிஜில் 1898இல் ஜே. டி. டஃப் பதிப்பித்த ஜுவெனால், 16 அங்கதங்களுள் 14ஐ மட்டுமே கொண்டது. எரிமலை நுரைக்கல்லால் உடலை வழுவழுப்பாக்கி, மயிரடர்ந்த முன்னோரை நாணச்செய்யும் உயர்குடி மகனை இகழும் எட்டாவது அங்கதம் அதில் உண்டு. நீக்கப்பட்ட இரண்டும், போலித் துறவியரைப் பற்றிய இரண்டாவதும் நேவோலஸின் ஒன்பதாவதுமே.