மனமும் மழையும்

தன்னம்பிக்கை நூல்களைக் கேலி செய்வது எழுத்தாளர்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. போடிநாயக்கனூரில் என் நாவல் ஒரு பிரதி விற்பதற்குள் அந்த ரகப் புத்தகங்கள் பத்துப் போய்விடும். வாங்குகிறவர்கள் முட்டாள்களல்லர். பரீட்சைக்குப் படிக்கும் பையன், புதிதாக மளிகைக் கடை வைத்தவர், மகளுக்கு வேலை கிடைக்காமல் தவிக்கிற தகப்பனார் ஆகியவர்கள்தான் வாங்குகிறார்கள். 'உன்னால் முடியும்' என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டாரா என்று அவர்கள் ஏங்குகிறார்கள். நாவலாசிரியர்களாகிய நாம் அதைச் சொல்வதில்லை. சொல்ல மறுத்தவர்கள், சொன்னவர்களைக் கேலி செய்வது என்ன நியாயம்?

ஓர் இலக்கிய வகையை எடைபோட வேண்டுமானால், அதில் ஆகச் சிறந்ததை எடுத்து எடைபோட வேண்டும். மட்டமானதைக் கொண்டு மதிப்பிடுவதென்றால் நாவலும் தப்பாது. ஆகவே தமிழில் இந்த வகைக்கு மூலபுருஷர் என்று சொல்லத்தக்கவரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் வேறு யாருமல்லர், வ. உ. சிதம்பரம் பிள்ளைதான்.

கப்பலோட்டியவர், செக்கிழுத்தவர் என்ற அளவில் நாம் அவரை நிறுத்திவிட்டோம். சிறையிலிருந்த காலத்தில் அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரை மொழிபெயர்க்கத் தொடங்கினார். 'மனம் போல வாழ்வு' 1909ல் வெளிவந்தது. விடுதலைக்குப் பிறகு 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' என்று வரிசையாக வந்து, 1934ல் 'சாந்திக்கு மார்க்கம்' வரை போயிற்று. கால் நூற்றாண்டு ஓர் ஆசிரியரை விடாமல் மொழிபெயர்த்திருக்கிறார். ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்த காரியமென்று இதைத் தள்ளிவிட முடியாது.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆலன் 1864ல் லெஸ்டரில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன தகப்பனார் அங்கே கொலையுண்டார். பையன் பள்ளியை விட்டு வேலைக்குப் போனான். பிற்காலத்தில் இல்ஃபிராகும் என்ற கடற்கரை ஊரில் அமைதியாக உட்கார்ந்து எழுதி, 1912ல் மறைந்தார். அவருடைய சித்தாந்தம் இதுதான்: சூழ்நிலை மனிதனை உண்டாக்குவதில்லை, மனத்தில் இருப்பதுதான் வெளியே சூழ்நிலையாக வந்து நிற்கிறது. இதைத் தமிழாக்கியவரோ, 1908 ஜூலையில் பின்ஹே என்ற நீதிபதியின் பேனா முனையால் இரட்டைத் தீவாந்தரம் விதிக்கப்பட்டவர். அப்பீலில் தண்டனை குறைந்தது. கோயமுத்தூரிலும் கண்ணனூரிலும் அனுபவித்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். செக்கும் சங்கிலியும் அவர் மனத்திலிருந்தா முளைத்தன? அவருக்குத் தெரியாதா இது?

தெரிந்திருக்கிறது என்பதே என் கட்சி. அத்தாட்சி, நூலின் தலைப்பு. ஆங்கிலத் தலைப்பு பைபிளிலிருந்து எடுத்தது. அது ஒரு தீர்ப்பைப் போன்ற வாக்கியம்: மனிதன் எப்படி நினைக்கிறானோ அப்படியே இருக்கிறான், மேல்முறையீடு கிடையாது. வ. உ. சி. அதை விட்டுவிட்டு, நம் வீட்டுக் கிழவிகளின் வாயிலிருந்து தலைப்பை எடுத்தார். 'மனம்போல் மாங்கல்யம்' என்று வாழ்த்துகிறோமே, அந்தக் குடும்பத்துச் சொல் இது. தமிழ்க் காதில் 'மனம் போல வாழ்வு' என்பது முதலில் ஆசீர்வாதமாகத்தான் விழுகிறது. உன் மனசுக்கேற்ற வாழ்வு உனக்குக் கிடைக்கட்டும் என்று பொருள். ஆலனிடம் விதியாக இருந்தது பிள்ளையவர்களிடம் விருப்பமாக மாறிவிட்டது. எத்தனையோ மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். தலைப்பிலேயே மூலத்தின் குறையைத் திருத்திய மொழிபெயர்ப்பு அபூர்வம்.

நூலுக்குள்ளே போனால் அந்தத் திருத்தம் போதவில்லை. ஆலன் மனத்தைத் தோட்டத்துக்கு ஒப்பிடுகிறார். களையைப் பிடுங்கு, நல்ல விதை போடு, நல்லது விளையும் என்கிறார். இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்புறம் நாலு பாத்தி கட்டியவருக்கு இது சரியான உவமை. எங்கள் ஊருக்கு மேலே இருக்கிறதும் தோட்டந்தான், ஏலத்தோட்டம். அதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை பல இடங்களில் கிழிந்து தொங்கும்.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம், ஏலமலை. செடி நட்டால் மூன்றாவது வருஷந்தான் காய் பார்க்கலாம். காய் மேலே தொங்குவதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் பிடிக்கிறது. மேலே நிழல் மரம் வேண்டும். அதிகமானால் காய்ப்பு இல்லை, குறைந்தால் செடி கருகும். பூ ஒரு நாள்தான் நிற்கும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். கோடையில் நாலு மழை தவறினால் அந்த வருஷக் கணக்கே தவறிப்போகும். பறித்த பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து, ஐந்து கிலோ ஏறக்குறைய ஒன்றாக இறங்கும். இத்தனையும் சரியாக வந்தாலும், விலை யார் கையிலும் இல்லை. ஏலத்தை ஏலத்தில்தான் விற்கிறார்கள். (செடியின் பெயர் நம்முடையது, விற்பனையின் பெயர் போர்த்துக்கீசியன் விட்டுப்போனது என்பார்கள். இரண்டும் ஒரே சொல்லாகிப் போடியில் வந்து குடியேறியதற்கு வியாபாரிகளே காரணமோ என்னவோ!) நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. 2018 வெள்ளத்துக்கும் அதன்பின் வந்த வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரை போயிற்று. மூன்று வருஷம் கழியுமுன் ஆயிரத்துக்கும் கீழே சறுக்கிற்று. 7000க்கு விற்றவன் மனம் உயர்ந்திருந்ததா? ஆயிரத்துக்கு விற்றபோது அதே மனம் எந்தக் களையை வளர்த்துவிட்டது? அந்த வருஷம் அதிக விலைக்கு விற்றவர்களில் பலர், பக்கத்துத் தோட்டம் அழிந்ததால் அதிக விலை பெற்றவர்கள். இதற்கு ஆலனிடம் அத்தியாயம் இல்லை.

ஆனாலும் மலையே மறுபக்கத்துச் சாட்சியையும் வைத்திருக்கிறது. கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி, எண்பதுகளில், தம் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கி, 'ஞள்ளானி' என்ற ரகத்தை உண்டாக்கினார். ஆராய்ச்சிக்கூடமில்லை, பட்டமில்லை, கண்ணும் தேனீயும் பொறுமையும்தான் முதல். இன்று ஏலமலையில் பெரும்பகுதி அந்த ரகந்தான். 'என்னால் முடியும்' என்ற எண்ணமே இல்லாத மனிதன் இதில் இறங்கியிருக்க முடியாது என்று ஆலன் பக்கத்து வக்கீல் வாதாடினால், ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். புத்தகத்திலிருந்தா? முதல் செடி அதிகம் காய்த்ததைக் கண்ணால் கண்டதிலிருந்தா?

நான் மனோதத்துவம் படித்தவனல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றவனுமல்ல. ஆனால் இந்தக் கேள்வியை முறையாகக் கேட்ட ஒருவர் இருந்தார். ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்து 2021ல் மறைந்த ஆல்பர்ட் பந்தூரா. 1977ல் அவர் வெளியிட்ட கட்டுரை, 'இந்தக் காரியத்தை நான் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து ஊறுகிறது என்று ஆராய்கிறது. உடம்பின் படபடப்பும் அமைதியுங்கூட அதில் சேரும்தான். ஆனால் எல்லாவற்றிலும் வலுவான ஊற்று, ஒருமுறை செய்து முடித்த அனுபவம். அடுத்தபடி, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் வாயால் சொல்லும் உற்சாக வார்த்தை அதற்கும் பின்னால்தான். நம் தன்னம்பிக்கை நூல்கள் அத்தனையும் இந்தப் பின்வரிசைச் சரக்கை வைத்துக்கொண்டுதான் கடை நடத்துகின்றன!

பாம்பென்றால் நடுங்குகிறவர்களைக் கொண்டு பந்தூரா சோதனை செய்தார். சும்மா பேசித் தைரியம் சொல்லவில்லை. கூடவே நின்று, படிப்படியாகப் பாம்பைத் தொடவே வைத்தார். தொட்டவர்களுக்குப் பயம் தெளிந்தது. நல்ல சோதனைதான். ஆனால் ஏலத்தூரில் குனிந்து காய் எடுக்கிற பெண்ணுக்குப் பாம்புப் பயம் வியாதியல்ல, அறிவு. ஆய்வுக்கூடத்துப் பாம்பு விஷமில்லாதது. விஷமுள்ள இடத்தில் தன்னம்பிக்கையை விடக் காலில் ஒரு பூட்ஸ் உதவும்.

இலக்கு என்ற விஷயத்துக்கும் இதே கதிதான். முந்தைய தலைமுறை நாவல்களில் கதாநாயகனுக்கு 'இலட்சியம்' இருந்தது. இப்போது 'இலக்கு' என்கிறார்கள். இலட்சியத்தை நிறுக்க முடியாது, இலக்கை நிறுக்கலாம். எட்வின் லாக் என்ற அமெரிக்கர் 1968ல், 'முடிந்த அளவு செய்' என்று சொல்வதைவிட, திட்டமான, கொஞ்சம் கடினமான அளவைக் குறித்துக் கொடுத்தால் வேலை அதிகம் நடக்கிறது என்று வாதித்தார். 1975ல் கேரி லேதம் என்பவரும் அவருடைய கூட்டாளியும் ஒக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிக்காரர்களிடம் இதைக் கண்டார்கள். சட்டம் அனுமதித்த பாரத்தில் சுமார் 60 சதவீதமே ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், 94 சதவீதம் என்று குறி வைத்ததும் சில மாதங்களில் 90ஐத் தாண்டினார்கள். இதில் எனக்குச் சந்தேகமில்லை. லாரியும் மரமும் ஓட்டுநர் கைக்கு அடங்கினவை. 'இன்று இத்தனை கிலோ காய் எடுப்பேன்' என்று ஒரு பெண் தனக்குத் தானே குறித்துக்கொண்டால் அது இலக்கு. சரத்தில் காயே பிடிக்காத வருஷத்தில் அதே கிலோவை அவளுக்கு இன்னொருவர் குறித்துக் கொடுத்தால், அதை இலக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இங்கேதான் விமரிசகனுக்கு ஒரு பொறுப்பு வருகிறது. ஒரே வாக்கியம், சொல்கிறவரைப் பொறுத்து இரண்டு வாக்கியமாகிறது. 'உன் நிலைமைக்கு உன் மனமே காரணம்' என்று வ. உ. சி. கைதி உடையில் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டால், அது வீரம். எடுத்துக்கொள்ள முடியாதபடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட சர்க்காருக்கு, 'இது ஒன்று மட்டும் என் ஆட்சியில் இருக்கிறது' என்று காட்டிய பதில் அது. அதே வாக்கியத்தை, விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, மழையில் நனைந்து காய் எடுத்து, இருட்டியபின் தேவாரத்துக்கும் கோம்பைக்கும் திரும்புகிற பெண்ணைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தவர் சொன்னால், அது கூலி பாக்கியை மறைக்கிற திரை. நூலில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் அச்சாகியிருக்கிறது. இப்போது வருகிற தன்னம்பிக்கை நூல்களில் பெரும்பாலானவை இரண்டாவது குரலில் பேசிக்கொண்டே முதல் குரலின் பெருமையைக் கேட்கின்றன. ஒன்று கவனியுங்கள்: அந்தப் புத்தகங்களில் எதிராளி என்று ஒருவன் வருவதே இல்லை. தோற்றவன் சோம்பேறி, வென்றவன் உழைப்பாளி, அவ்வளவுதான். எதிராளி இல்லாத நாவலை எந்தப் பதிப்பாளரும் என்னிடம் வாங்க மாட்டார்.

வ. உ. சி.யின் வாழ்க்கையிலோ எதிராளி பலமாகவே இருந்தான். 1906ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை ஆரம்பித்தார். கப்பலோடு திரும்புவது, இல்லையேல் கடலில் விழுவது என்று சபதம் செய்து பம்பாய்க்குப் போனதாகச் சொல்வார்கள். லாக் கேட்கிற திட்டமான, கடினமான இலக்கு இதைவிட எங்கே கிடைக்கும்? கப்பலும் வந்தது. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றி, கையில் குடையும் கொடுத்தது. 1911ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் அப்போது சிறையில். வெளியே வந்தபோது கப்பலுமில்லை, வக்கீல் சன்னதுமில்லை. சென்னையில் மளிகை வியாபாரம் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்த தொகை, 347 ரூபாய் 12 அணா; அதற்காக 1915ல் கடிதம் எழுதத் தொடங்கியவருக்கு 1916ல்தான் கைக்கு வந்தது. அந்தக் காலத்தில்தான் 'வலிமைக்கு மார்க்கம்' அச்சாகிறது என்பதை நினைக்கும்போது, ஆலனைவிட அவர் மொழிபெயர்ப்பாளரை நம்பத் தோன்றுகிறது.

சன்னதை மீட்டுத் தந்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. மனம் போலத்தான் வாழ்வு என்று ஊருக்கு எழுதிக்கொடுத்த பிள்ளையவர்கள், அந்த நன்றியை மறக்கவில்லை. தம் பிள்ளை ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.