நகராட்சியும் ஆண்டறிக்கையும்

ஊரை ஆள்வோர் தாம் ஆற்றிய பணிக்கு ஊரவர் முன் கணக்குக் கூறும் வழக்கம் மேனாட்டார் இங்குக் கொணர்ந்த புதுமை என்று கருதுவோர் பலர். உத்தரமேரூரிலுள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களைப் படித்தவர் அவ்வாறு கூறார். முதற் பராந்தக சோழனின் ஆட்சிக் காலத்தில், கி. பி. 919 ஆம், 921 ஆம் ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் வெட்டுவித்த சாசனங்கள் குடவோலை முறையைக் கூறுவன என்ற அளவில் நாடறிந்தவை. பள்ளிப் பாடநூல்களும் அவ்வளவோடு நின்றுவிடும். ஆனால் அச்சாசனங்களில் அதனினும் கூரிய விதியொன்று உண்டு. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதொழிந்தவர் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். அவர்தம் நெருங்கிய உறவினரும் உரியரல்லர். ஒருவன் கணக்குக் காட்டாமையால் அவன் மைத்துனனும் பதவியிழக்கும் அச்சட்டம் கொடிதெனின் கொடிதே. ஆயினும் ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் மேற்பார்த்த வாரியத்தார் வாளாவிருக்க அது இடங்கொடுக்கவில்லை. அவ்விதி ஓலையில் அன்று, மக்கள் நாளும் வந்து வணங்கும் கோயிற் சுவரில் வெட்டப்பட்டமையும் கருதத்தக்கது.

யாழ்ப்பாண நகரின் நிலை வேறு. இலங்கையில் மாநகர சபைகளை நிறுவிய சட்டம் 1865 இல் ஆக்கப்பட்டது. கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரங்கள் விரைவில் அப்பேற்றைப் பெற்றன. யாழ்ப்பாணமோ 1906 இல் உள்ளூர்ச் சபையும், 1921 இல் பட்டின சபையும் பெற்று, நாடு சுதந்திரமடைந்து ஏறத்தாழ ஓராண்டு கழிந்தபின், 1949 சனவரி முதலாந் தேதியே மாநகர சபை ஆயிற்று. நெடுங்காலம் இந்நகரைப் பற்றிய அறிக்கையை எழுதியவர் நகரத்தார் அல்லர். கச்சேரியில் அமர்ந்த அரசாங்க அதிபரே. 1867 முதல் ஆண்டுதோறும் அச்சேறிய நிருவாக அறிக்கைகளுள் வட மாகாணத்துக்குரிய பகுதி இவ்வாறு பிறந்தது.

இலக்கியத் திறனாய்வாளர் செய்யுளையும் நாடகத்தையும் நாவலையும் ஆராய்வர். அறிக்கையை ஆராய்வார் அரியர். ஆயினும் அதுவும் உரைநடையின் ஒரு வகையே. அதற்கும் கூறுவோன் உண்டு, கேட்போன் உண்டு, கூறப்படும் பொருள் உண்டு. அறிக்கையின் நன்மை தீமைகள் பெரும்பாலும் கேட்போன் யாவன் என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

1829 இல் யாழ்ப்பாணத்துப் பொறுப்பை ஏற்று, இடையீடு சில உளவாயினும், 1867 இல் இறக்கும்வரை வடக்கை ஆண்ட டைக் துரையையும், 1869 முதல் 1896 வரை அப்பதவியில் இருந்த துவைனந் துரையையும் போன்றோர் ஒரு மாகாணத்தைத் தம் உள்ளங்கைபோல் அறிந்தவர்கள். அக்கால அதிபர்கள் ஆண்டறிக்கையோடு நாட்குறிப்பும் எழுதல் வேண்டும். 1808 முதல் 1941 வரை அதிபரும் உதவி அதிபரும் நாளாந்த நிகழ்ச்சிகளைக் கைப்பட எழுதிக் கொழும்புக்கு அனுப்பும் விதி நிலவிற்று. அம்பாந்தோட்டையில் உதவி அதிபராயிருந்த லெனாட் வுல்வ் 1908 முதல் 1911 வரை எழுதிய குறிப்புகள் பின்னர் நூலாக வெளிவந்துள்ளன. அவற்றைப் படிப்போர் முதலிற் காண்பது ‘நான்’ என்னும் சொல்லையே. நான் சென்றேன், நான் கண்டேன், நான் தவறினேன் என்று ஒருவன் எழுதுகின்றான். குளம் உடைந்தால் உடைந்ததென்றும், மாடுகள் நோயுற்று மாய்ந்தால் மாய்ந்தனவென்றும் அங்கே உண்டு. மேலிருப்பவன் படித்துக் குறுக்குக் கேள்வி கேட்பான் என்ற அச்சம் எழுத்துக்கு ஒரு நேர்மையை அளித்திருக்கிறது.

எனினும் இப்பெருமையை அளவுக்கு மீறிப் பாராட்டுதல் ஆகாது. அவ்வறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. கொழும்பை நோக்கி எழுதப்பட்டன. வண்ணார்பண்ணையிலோ நல்லூரிலோ வரியிறுத்தவன் அவற்றைக் காணும் வாய்ப்பில்லை. அதனால் நேர்ந்ததை வுல்வ் 1961 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலிற் கூறும் நிகழ்ச்சியொன்றே காட்டும். 1905 முதல் 1907 வரை அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஒருநாள் அதிபரோடு குதிரைமேற் சென்றவர், வீதியை ஆக்கிரமித்து நின்ற வீட்டு விறாந்தை ஒன்றைச் சவுக்கை நீட்டிக் காட்டினாராம். பின்னே வண்டியில் வந்த தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் தம் முகத்தில் அவர் வேண்டுமென்றே அடித்தார் என்று கொண்டார். செய்தி முறைப்பாடாகித் தேசாதிபதி வரை சென்றது. எவர் கூற்று மெய் என்பது இங்கு ஆராய்ச்சியன்று. வீதி எல்லை பற்றிய ஒரு சிறு நகரப் பணி, ஊராருக்கு எதுவும் கூறாது நடத்தப்பட்டபொழுது, அவர்களுக்குத் தெரிந்தது சவுக்கு மட்டுமே. விறாந்தை எவருக்கும் தெரியவில்லை.

மக்களை நோக்கி எழுதிய நகர அறிக்கைக்குச் சான்று வேண்டின் இலண்டனை நோக்கலாம். 1848 இல் அந்நகரின் சுகாதார வைத்திய அதிகாரியாக நியமிக்கப்பட்ட யோன் சைமன் என்பார் அடுத்த ஆண்டு முதலே நகரத்தின் இறப்புகளையும் அழுக்கையும் குடிநீரையும் பற்றி அறிக்கை விடுத்தார். நகரசபையினர் பலர் தம் வீட்டுச் சொத்தைக் காக்க விரும்பியவர்கள். அவர்தம் ஊழியராகிய சைமனோ அவர்தம் குடியிருப்புகளில் எத்தனை உயிர்கள் வீணே மாய்ந்தன என்பதை எழுதினார். ‘தைம்சு’ப் பத்திரிகை அவற்றை வெளியிட்டது. 1854 இல் அவை நூலாகவும் தொகுக்கப்பட்டன. செய்த வேலையை மட்டும் எண்ணாது, செய்யாத வேலையால் நேர்ந்த சாவையும் எண்ணினமையே அவற்றின் சிறப்பு. நியூயோக் நகரத்தார் இதனை வேறு வழியிற் செய்தனர். 1908 இல் அங்கே பாதீட்டுக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. 1913 மே 17 இல் நகர ஊழியர் நடத்திய ஊர்வலத்தில், சுகாதாரப் பகுதியார் இறப்பு வீதம் குறைந்தமையைக் காட்டும் பெரும் வரைபடங்களை வண்டிகளில் ஏற்றி, வீதியின் இருமருங்கிலும் நின்றோர் காணுமாறு கொண்டு சென்றனர். தேர்த்திருவிழாக் கண்டு பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இது வியப்பாயிராது. ஆயினும் ஊர்வலத்தில் ஏறுவது இறங்கிய எண்களேயன்றி ஏறிய எண்களல்ல என்பதையும் மறத்தலாகாது.

இனி யாழ்ப்பாண மாநகர சபைக்கு மீளலாம். 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், ஆண்டு முடிந்தபின் அவ்வாண்டின் நிருவாகம் பற்றிய விரிவான அறிக்கையும் வரவு செலவு விவரமும் ஆக்கப்படல் வேண்டும் என விதிக்கின்றது. விதி நன்று. ஆனால் நகரத்தின் அரசியலை உற்று நோக்குவோர் ஒரு விந்தையைக் காண்பர். 2020 டிசம்பரில் பாதீடு இருமுறை தோல்வியுற்றமையால் மாநகர முதல்வர் ஒருவர் பதவி இழந்தார். வருங்காலத்திற் செய்யப்போவதைக் கூறும் ஏடு ஒரு முதல்வரை வீழ்த்த வல்லது. சென்ற காலத்திற் செய்ததைக் கூறும் ஏட்டுக்கு அந்த வலிமை இல்லை. அதனைத் தோற்கடிக்க வாக்கெடுப்பும் இல்லை. பாதீட்டு நாளிற் பத்திரிகைகள் பக்கம் பக்கமாய் எழுதுகின்றன. எதிர்காலவினைக்கு இருக்கும் கேட்போர் இறந்தகாலவினைக்கு இல்லை.

உள்ளூராட்சி அறிக்கைகளின் மொழியும் இதற்கு ஒரு காரணம். சொல்லதிகாரத்துக்கு உரைகண்டோர் செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறும் வழக்கிற்குத் ‘திண்ணை மெழுகிற்று’ என்று உதாரணங் காட்டுவர். திண்ணை தன்னைத்தானே மெழுகாது. மெழுகியவள் ஒருத்தி உண்டு. வீட்டிலுள்ளார் அனைவரும் அவளை அறிவராதலின் அவ்வழக்குக் குற்றமன்று. ஆனால் ‘வடிகால்கள் துப்புரவு செய்யப்பட்டன’, ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகின்றது’ என்னும் இக்காலத் தொடர்களிற் செய்தவனை அறிவார் எவருமில்லர். எந்த வடிகால், எந்த வட்டாரம், எவர், எப்பொழுது என்னும் வினாக்கள் யாவும் ஒரு ‘பட்டன’வுக்குள் மூழ்கிவிடுகின்றன. ‘வருகின்றது’ என்பது அதனினும் தந்திரமானது. அது முடிந்ததும் அன்று, முடியாததும் அன்று. பத்தாண்டு கழித்து அச்சிட்டாலும் பொய்யாகாத வாக்கியம் அதுவே.

எண்களைத் தந்துவிட்டால் இக்குறை நீங்கும் என்பார் உளர். எந்த எண் என்பதே கேள்வி. நகரத்தின் குப்பையை எடுத்துக்கொள்க. எத்தனை உழவு இயந்திரங்கள் ஓடின, எத்தனை தொழிலாளர் பணியாற்றினர், எவ்வளவு எரிபொருள் செலவாயிற்று என்பவற்றை எழுதுதல் எளிது. அக்குப்பை நகரெல்லைக்கு அப்பால் உள்ள கல்லுண்டாய் வெளியிற் கொட்டப்படுகிறது. அங்கே எரியும் புகை எவர் வீட்டிற் புகுகிறது, மாரியில் அது கரைந்து எங்கே இறங்குகிறது என்பவற்றை நகரத்தின் அறிக்கை கூறவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏனெனில் அங்கு வாழ்வோர் நகர சபைக்குச் சோலைவரி இறுப்போர் அல்லர். அகற்றப்பட்டது என்பது நகரத்தானுக்கு மெய். கல்லுண்டாயானுக்கு வந்து சேர்ந்தது என்பதே மெய். ஒரே வண்டியைப் பற்றிய இரு வினைச்சொற்களுள் ஒன்று மட்டுமே ஏட்டில் ஏறுகின்றது.

இவற்றையெல்லாம் கூறும்பொழுது இந்நகரசபை பட்ட பாட்டை மறந்து எழுதுதல் நியாயமாகாது. 1981 மே மாத இறுதியிலும் சூன் முதலாந் தேதியிலும் சபையின் பொறுப்பிலிருந்த பொதுநூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1995 இல் ஊரே ஒருநாளிற் பெயர்ந்து வெளியேறியது. 1998 மே 17 இல் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், அவரைத் தொடர்ந்து வந்த பொன். சிவபாலன் அதே ஆண்டு செப்டெம்பர் 11 இலும் கொல்லப்பட்டனர். பின்னவர் மடிந்தது சபைக் கட்டடத்துள்ளேயே. முதல்வர் உயிரோடு வீடு திரும்புவதே ஐயமாயிருந்த ஆண்டில் வடிகால் அறிக்கையை எவர் கேட்பார்? பின்னரும் 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுள் முடிந்து, 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை, ஆணையாளரே சபையை நடத்தினார். அவ்வாண்டுகளில் அறிக்கையைப் படைப்பதற்குச் சபையோரே இல்லை. எழுதுவோனும் ஏற்போனும் ஒருவனேயாயின் அது அறிக்கையன்று, நாட்குறிப்பு. வுல்வின் நாட்குறிப்புக்கேனும் கொழும்பிற் படிப்பவன் ஒருவன் இருந்தான்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. 2017 பெப்ரவரி 3 முதல் எக்குடிமகனும் மாநகர சபையிடம் எழுத்தில் வினவலாம். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாள்களுள் தம் முடிவைத் தெரிவித்தல் வேண்டும். பத்திரிகையாளரும் பொதுமக்களும் இதனாற் பயன்பெறுகின்றனர். ஆயினும் இதனால் ஒரு தீங்கும் விளையக் கூடும். ‘கேட்டால் தருவோம்’ என்பது ‘கேளாமலே கூறுவோம்’ என்பதன் இடத்தைப் பிடித்துவிடுதல் எளிது. அச்சட்டத்தை ஆக்கியோர் இதனை அறியாதவரல்லர். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களையும், ஓரிலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களையும், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே மக்களுக்கு அறிவித்தல் வேண்டும் என்று அதிலேயே விதித்துள்ளனர். வினவுவோருக்குரிய பகுதி ஊரெங்கும் பேசப்படுகின்றது. வினவாதோருக்குரிய இப்பகுதியை எடுத்துக் கூறுவார் மிகச் சிலர். வினவத் தெரிந்தவன் எழுத்தறிந்தவன், ஓய்வுடையவன், அஞ்சாதவன். ஆண்டறிக்கை அவனல்லாதவனுக்கே வேண்டும்.

அறிக்கை உயிரோடு தொடர்புடையது என்பதற்குச் சுன்னாகம் சான்று. ஆறில்லாத இக்குடாநாடு நெடுங்காலம் பெரும்பாலும் சுண்ணக்கல்லின் கீழ்த் தேங்கும் நீரையே குடித்து வந்தது. சுன்னாகத்து மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றி நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை சோதனை நடத்திக் கலப்பு உண்டு என்றது. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான பெற்றோலியப் பொருள்கள் இல்லை என்றது. இரண்டும் அரசின் உறுப்புகளே. இரண்டும் ஒரே கிணற்றடி மக்களுக்குக் கூறப்பட்டவை. எண்ணெய் என்றும் நஞ்சு என்றும் பிரித்துணரும் இரசாயன நுட்பத்தை, வாளியிற் படலம் மிதக்கக் கண்டவனுக்கு எவரும் தெளிவிக்கவில்லை. 2015 இல் வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்பிரல் 4 இல் நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இரு அறிக்கைகளையும் அருகருகே வைத்து, எவர் எதனை எங்ஙனம் சோதித்தார் என்று முறையாக வினவிய இடம் அந்நீதிமன்றம். இடையில் அவ்வூர்ப் பெண்கள் வண்டியில் வந்த நீருக்குக் குடத்தோடு காத்து நின்றனர்.