சொலினாய்டின் ‘டிக்’

பொக்லைனில் எஞ்சின் சீராக ஓடுகிறது. கை லீவரை எவ்வளவு அசைத்தாலும் பூம் அசையவில்லை. பம்ப் போய்விட்டது என்று பதறுபவர்கள் உண்டு. தேர்ந்த எலக்ட்ரீஷியன் அவசரப்படுவதில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்து, சேஃப்டி லீவரைப் போட்டு எடுத்துக் காது கொடுக்கிறார். பல இயந்திரங்களில் அப்போது, கை லீவர்களுக்கு எண்ணெயைத் திறந்துவிடும் பைலட் சொலினாய்டு ‘டிக்’ என்று தட்டும். தட்டவில்லையா? அதன் காயிலின் தலையில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைக்கிறார். மின்சாரம் ஏறியிருந்தால் காந்தம் அதை மெல்லப் பிடித்து இழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கேறிய விரல்கள் அந்தச் சிறு இழுப்பைக்கூடத் தவறவிடாதது ரசிக்கத்தக்கது.

அடுத்து மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றி அளந்தால் 24 வோல்ட் முழுசாகக் காட்டும். வழியில் கோளாறு இருந்தால், காயிலோடு மாட்டி அளக்கும்போது சரிந்துவிடும். இந்த இரண்டாவது அளவில்தான் வழியிலுள்ள தடை பிடிபடுகிறது. பச்சை பூத்த கனெக்டர் பின்னாக இருக்கலாம். பூமின் அடியில் உரசி உரசி இரண்டொரு இழையில் தொங்கும் வயராகவும் இருக்கலாம். மீட்டரில் ஒரு கண் வைத்து, வயரிங் ஹார்னஸை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்க்க வேண்டும். எண் துள்ளும் இடத்தில் கை நின்றுவிடும். இந்த வேலையின் உச்சம் அந்தக் கணமே. பின்னைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் ‘டிக்’ கேட்கிறது. எஞ்சின் கிளம்புகிறது, பூம் எழுகிறது. பம்பில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.